திருமேனியும் நிழற்படமும்

சென்னை அருங்காட்சியகத்தில் திருவாலங்காட்டுக் கூத்தப்பெருமானைப் பன்முறை கண்டு நின்றுள்ளேன். பட்டும் மாலையும் இன்மையால், ஊன்றிய திருவடியின் திண்மையும் தூக்கிய திருவடியின் நெகிழ்வும் ஆங்கே முழுதும் புலனாகும். சிற்பியின் கைத்திறம் காண அதுவே இடம். கைகள் தாமே குவியும், தீபந்தான் இல்லை. காவலர் ஐயுற்று நோக்குவதும் உண்டு!

ஸ்ரீபுரந்தான் கோயிலினின்று களவுபோன ஆடல்வல்லானை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-இல் விலைக்கு வாங்கிக் காட்சிக்கு வைத்தது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் முன்னரே எடுத்து வைத்திருந்த நிழற்படம் சான்றாயிற்று. 2014-இல் பெருமான் நாடு மீண்டார். உற்சவத் திருமேனிகளைப் படமெடுத்தலாகாது என்பார் உளர், யான் உடன்படேன். திருப்பணிச் செல்வர்கள் அச்செலவையும் ஏற்றருள வேண்டும். முன்னும் பின்னும் பீடமும் தெளிவுறத் தோன்றுதல் வேண்டுமாதலின், அலங்காரம் களைந்த திருமஞ்சனப் பொழுதே அதற்கு ஏற்றது.