உருமாறும் கிருமியும் நம் உள்ளத்து அச்சமும்

(கிள்ளான் வட்டாரத்தில் நடைபெற்ற தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



"புதிய கிருமி ஒன்று வந்திருக்கிறதாம்" என்னும் சொல் காதில் விழுந்த மாத்திரத்தில் நம் நெஞ்சம் துணுக்குறுகின்றது. கோவிட் 19 நோயினால் உண்டான உலகளாவிய அவசர நிலை முடிவுற்றதாக 2023ஆம் ஆண்டு மே மாதம் 5ஆம் நாள் உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆயினும், நோய் உலகை விட்டு அகன்றுவிடவில்லை. உருமாறிய கிருமியைப் பற்றிய செய்தி அவ்வப்போது வருகின்றது. யாரோ ஒருவர் கைத்தொலைபேசியில் அனுப்பிய குரல் பதிவு ஒரு லயத்திலிருந்து மறு லயத்துக்குத் தாவுகின்றது. காலைப் பெரட்டு கலைவதற்குள் அச்செய்தி பத்து மடங்காகப் பருத்துவிடுகின்றது.

அச்சம் கொள்வது மனித இயல்பு; அதனைக் குற்றமாகக் கூறுவதற்கில்லை. நம் நாட்டில் மட்டும் 37 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை இந்நோய் கொண்டு சென்றது. அவர்களுள் நம் உற்றாரும் உறவினரும் உண்டு. எனவே, "அஞ்சாதீர்கள்" என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. அதனால் பயன் ஒன்றுமில்லை. அந்த அச்சம் நம்மை எங்கே கொண்டு சேர்க்கின்றது என்பதே நாம் ஆராய வேண்டியது. மருத்துவரிடம் கொண்டு சேர்க்கின்றதா? அன்றி, கதவைச் சாத்திக்கொண்டு நோயை மறைக்கச் செய்கின்றதா? இதனையே இன்று ஒருங்கிருந்து சிந்திப்போம்.

உருமாற்றம் என்பது யாது?

வகுப்பறையில் ஒரு பாடத்தை முதல் மாணவன் எழுதுகிறான். அவன் எழுதியதைப் பார்த்து இரண்டாமவன், இரண்டாமவனைப் பார்த்து மூன்றாமவன் என்று நாற்பது பேர் எழுதினால், கடைசி ஏட்டில் சில எழுத்துப் பிழைகள் இருக்கத்தான் செய்யும். கிருமியின் நிலையும் அதுவே. கோவிட் கிருமியின் உள்ளே ஏறத்தாழ 30,000 எழுத்துகள் கொண்ட ஒரு குறிப்பேடு இருப்பதாகக் கொள்ளலாம். மனித உடலுக்குள் புகுந்த கிருமி தன்னைத் தானே படியெடுத்துப் பெருகும்போது, அக்குறிப்பேட்டில் பிழைகள் நேர்கின்றன. பெரும்பாலான பிழைகளால் நமக்கு நன்மையுமில்லை, தீமையுமில்லை. சில பிழைகள் கிருமியையே அழித்துவிடும். மிகச் சில மட்டும் அது விரைந்து பரவவோ, நம் உடலின் காவலை ஏய்த்து நுழையவோ உதவுகின்றன. அத்தகைய கிருமியைத்தான் உருமாறிய கிருமி என்கிறோம்.

இங்கே நாம் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டிய உண்மை ஒன்று உண்டு. உயிருள்ள உடலுக்கு வெளியே கிருமியால் தன்னைப் படியெடுக்க இயலாது. ஆகவே, தொற்று எவ்வளவு குறைகின்றதோ அவ்வளவுக்குப் புதிய உருவங்கள் பிறக்கும் வாய்ப்பும் குறைகின்றது. பால்மரத்தின் வெள்ளை வேர் நோயை நீங்கள் நன்கறிவீர்கள். நோயுற்ற வேர் நல்ல வேரைத் தொடுவதால் அது மரத்துக்கு மரம் பரவுகின்றது. அதனாலன்றோ நடுவே குழி வெட்டி வேர்களைப் பிரிக்கின்றோம்! முகக்கவசமும், நோயுற்றபோது தனித்திருத்தலும், திறந்து வைத்த சன்னலும் மனிதருக்கு இடையே நாம் வெட்டும் அத்தகைய குழிகளே.

பெயரும் பழியும்

2020ஆம் ஆண்டு சூலை, ஆகஸ்டு மாதங்களில், தமிழகத்தின் சிவகங்கையிலிருந்து கெடா மாநிலத்துக்குத் திரும்பிய ஒருவர் வீட்டில் தனித்திருக்க வேண்டிய விதியை மீறினார். அதன் விளைவாகப் பலருக்கு நோய் தொற்றியது. அந்தத் தொற்றுத் திரளுக்குச் 'சிவகங்கா' என்று பெயரிடப்பட்டது. மருத்துவ ஆய்வுக் கழகம் கிருமியைச் சோதித்தபோது, டி614ஜி என்னும் உருமாற்றம் அதில் காணப்பட்டது. அது 10 மடங்கு எளிதாகத் தொற்றக்கூடும் என்றும், உருவாகி வரும் தடுப்பூசிகள் பயன்படாமற் போகக்கூடும் என்றும் அந்நாளில் எச்சரிக்கை செய்யப்பட்டது. நாடே கலங்கியது. சிவகங்கைச் சீமையைப் பூர்வீகமாகக் கொண்ட நம் மக்கள் பலர், தம் முன்னோர் ஊரின் பெயர் நோயின் பெயராகிவிட்டதே என்று மனம் நொந்தனர்.

நடந்தது என்ன? அந்த உருமாற்றம் சிவகங்கையில் பிறந்ததன்று. அதே ஆண்டின் தொடக்க மாதங்களிலேயே அது ஐரோப்பாவில் பரவி, உலகின் பெரும் பகுதியில் முதன்மையான வகையாகிவிட்டிருந்தது. ஜொகூர் மாநிலத்தின் ஊலு திராமில் ஏற்பட்ட தொற்றுத் திரளிலும் அதுவே காணப்பட்டது. பின்னர் வந்த தடுப்பூசிகள் அதற்கு எதிராக நன்றாகவே வேலை செய்தன. அன்று செய்த எச்சரிக்கையால் மக்கள் விழிப்புற்றனர், அது நன்மையே. ஆயினும், முதல் நாள் அறிந்தது முழு அறிவாகாது என்பதையும், ஊரின் பெயரைக் கொண்டு நோயின் பிறப்பை முடிவு செய்தல் தவறு என்பதையும் அந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்தியது.

அடுத்த ஆண்டு இச்சோதனை மீண்டும் வந்தது. 2021ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் முதல் இந்தியாவிலிருந்து வரும் விமானங்கள் தடை செய்யப்பட்டன. மே 2ஆம் நாள், பி.1.617 வகையைச் சேர்ந்த கிருமி கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தில் ஒரு பயணியிடம் கண்டறியப்பட்டதாகச் சுகாதார அமைச்சு அறிவித்தது. அதனை 'இந்தியக் கிருமி' என்று உலகெங்கும் வழங்கினர். கடல் கடந்து நான்கு தலைமுறையாகிவிட்ட குடும்பத்தாரையும் அப்பெயர் உறுத்தியது. மே 31ஆம் நாள் உலகச் சுகாதார நிறுவனம் ஆல்பா, பீட்டா, காமா, டெல்டா எனக் கிரேக்க எழுத்துகளைப் பெயர்களாகச் சூட்டியது. ஒரு நாட்டின்மீதோ இனத்தின்மீதோ பழி விழக்கூடாது என்பதே அதன் நோக்கம். 1918ஆம் ஆண்டு உலகையே உலுக்கி, மலாயாத் தோட்டங்களிலும் பல உயிர்களைப் பறித்த விஷக்காய்ச்சலை 'ஸ்பானியக் காய்ச்சல்' என்றனர். அது ஸ்பெயினில் தொடங்கியதன்று. போரில் சேராத அந்நாட்டின் பத்திரிகைகள் நோய்ச் செய்தியை மறைக்காமல் வெளியிட்டன, அவ்வளவே. உண்மையைச் சொன்ன நாட்டுக்கு அப்பழி வந்து சேர்ந்தது!

கிள்ளான் பள்ளத்தாக்கு கண்ட பாடம்

2021ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் டெல்டாக் கிருமி நம் வட்டாரத்தை வாட்டியது. ஜூன் 1ஆம் நாள் முதல் நாடு முழுவதும் நடமாட்டம் கட்டுப்படுத்தப்பட்டது. ஜூலை 3 முதல் சிலாங்கூரின் பெரும் பகுதியும் கோலாலம்பூரின் சில இடங்களும் மேலும் கடுமையான கட்டுப்பாட்டுக்குள் வந்தன. பிரிக்பீல்ட்ஸ் பூக்கடை வீதியும், கிள்ளான் தெங்கு கெலானா சாலையும் களையிழந்தன. உணவுக்கு வழியற்றோர் வீட்டு வாசலில் வெள்ளைக் கொடி கட்டினர். அண்டை அயலார் இனம் பாராது உதவினர். கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை நோயாளர்களால் நிரம்பி வழிந்தது. மருத்துவமனைக்கு வந்து சேரும் முன்பே உயிர் பிரிந்தோரின் எண்ணிக்கை நாள்தோறும் தனியே அறிவிக்கப்பட்ட காலம் அது. அந்தத் துயரத்தை நாம் மறத்தல் ஆகாது.

அக்காலத்திலேயே மற்றோர் அச்சமும் நம்மைப் பற்றியிருந்தது. அஸ்திராஸெனகா தடுப்பூசியால் குருதி உறைந்துவிடும் என்ற பேச்சு பரவியதால், பலர் பின்வாங்கினர். அத்தகைய விளைவு மிக அரிதாக நேர்வதே. நோயினால் வரும் கேடோ அதனினும் பன்மடங்கு பெரிது. இதனை விளக்கிய பின், விரும்புவோர் தாமே பதிந்துகொள்ளலாம் என்று அரசாங்கம் கோலாலம்பூர், சிலாங்கூர் மக்களுக்கு வாய்ப்பளித்தது. மே 2ஆம் நாள் பதிவு திறக்கப்பட்டபோது, இரண்டரை லட்சத்துக்கும் அதிகமான இடங்கள் சில மணி நேரத்திலேயே நிரம்பிவிட்டன. மக்கள் அறிவுக்குச் செவிசாய்க்க மாட்டார்கள் என்போருக்கு இதுவே தக்க விடை.

ஜூலை 26 முதல் ஆகஸ்டு 1 வரை, கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் பெரியவர் அனைவருக்கும் குறைந்தது ஓர் ஊசியேனும் செலுத்துவதற்குப் பெருமுயற்சி மேற்கொள்ளப்பட்டது. அந்நாட்களில் நாடு முழுவதும் ஒரே நாளில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட ஊசிகள் போடப்பட்டதும் உண்டு. அக்டோபர் 10ஆம் நாள் பெரியவர்களில் 90 விழுக்காட்டினர் முழுமையாகத் தடுப்பூசி பெற்றுவிட்டனர். மறுநாளே மாநில எல்லைகள் திறந்தன. நவம்பர் 4ஆம் நாள் வந்த தீபாவளிக்குப் பிள்ளைகள் பெற்றோரைக் காணச் சென்றனர்.

பின்னர் ஒமிக்ரோன் வந்தது. 2022 மார்ச் 5ஆம் நாள் மட்டும் 33,406 பேருக்குத் தொற்று உறுதியாயிற்று. டெல்டாக் காலத்தின் உச்சம் 2021 ஆகஸ்டு 26இல் 24,599 ஆகும். தொற்று அதைக் காட்டிலும் மிகுந்திருந்தும், மரணங்கள் மிகக் குறைந்தே இருந்தன. ஒமிக்ரோன் சற்று மென்மையானது என்பது ஒரு காரணம்; நம் உடல்கள் முன்கூட்டியே காவல் பெற்றிருந்தன என்பது மற்றொரு காரணம். தடுப்பூசி தொற்றை முற்றிலும் தடுக்கவில்லை. கடும் நோயையும் மரணத்தையும் பெரிதும் குறைத்தது.

கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

இனியும் புதிய பெயர்கள் வரும். 2023இல் 'ஆர்க்டரஸ்' என்றனர். அவ்வாண்டின் இறுதியில் ஜேஎன்.1 என்றனர். பெயரைக் கேட்டவுடன் கலங்காமல் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். இது முன்னைய கிருமியைவிட விரைந்து பரவுகின்றதா? நோயை மேலும் கடுமையாக்குகின்றதா? முன்பு பெற்ற தடுப்பாற்றலை ஏய்க்கின்றதா? இப்போதுள்ள சோதனைகளும் மருந்துகளும் இதற்குப் பயன்படுகின்றனவா? விஞ்ஞானிகள் கேட்பனவும் இவையே. விரைந்து பரவும் கிருமியெல்லாம் கொடிய கிருமி அன்று. விடை கிடைக்கச் சில வாரங்கள் ஆகலாம். அதுவரை சுகாதார அமைச்சின் அறிவிப்பைக் கேட்போம். யார் சொன்னது என்று தெரியாத குரல் பதிவைப் பிறருக்கு அனுப்பாதிருப்போம். மிளகு ரசமும் மஞ்சளும் நல்ல உணவுப் பொருள்களே. எனினும், அவை கிருமியைக் கொல்லும் என்று நம்பி மருத்துவரை நாடாதிருத்தல் பேராபத்து.

மறைத்தல் ஆகாது

நோயை நம்மவர் மறைப்பதற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று வெட்கம்; மற்றொன்று சம்பளம் போய்விடுமே என்னும் கவலை. வெட்கத்துக்கு இடமே இல்லை. நோயுற்றவர் குற்றவாளி அல்லர். பக்கத்து லயத்தில் தங்கியிருக்கும் அயல்நாட்டுத் தொழிலாளரையும் அவ்வாறே கருதுங்கள். அவர் அஞ்சி ஒளிந்தால் நோயும் அவரோடு ஒளிந்திருந்து, பின்னர் நம் ஆயாக் கொட்டகைக்கு வந்து சேரும். சம்பளத்தைப் பொறுத்தவரை, 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் சம்பளத்துடன் கூடிய மருத்துவ விடுப்பை உரிமையாக அளித்துள்ளது. 2 ஆண்டுக்குக் குறைவாகப் பணிபுரிந்தோருக்கு ஆண்டொன்றுக்கு 14 நாளும், 2 ஆண்டு முதல் 5 ஆண்டுக்குக் குறைவானோருக்கு 18 நாளும், அதற்கு மேற்பட்டோருக்கு 22 நாளும் உண்டு. மருத்துவரிடம் சான்றிதழ் பெற்றுத் தோட்ட அலுவலகத்தில் கொடுங்கள்.

காய்ச்சலும் இருமலும் கண்டால் சோதனை செய்துகொள்ளுங்கள். முகக்கவசம் அணிந்து தனித்திருங்கள். சன்னல்களைத் திறந்து வையுங்கள். முதியோர், கருவுற்ற தாய்மார், இனிப்பு நீர், இருதய நோய், சிறுநீரக நோய் உடையோர் காலந்தாழ்த்தாது மருத்துவரைக் காண வேண்டும். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, மனத் தடுமாற்றம் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும், விரலில் பொருத்தும் கருவி 95 விழுக்காட்டுக்குக் குறைவாகக் காட்டினாலும், நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். விடியட்டும் என்று காத்திருந்து இழந்த உயிர்கள் போதும்.

நண்பர்களே! 1901ஆம் ஆண்டில் இதே கிள்ளானிலும், அன்று போர்ட் சுவெட்டன்ஹாம் எனப்பட்ட இன்றைய போர்ட் கிள்ளானிலும் மலேரியாக் காய்ச்சல் மக்களை மாய்த்தது. புதிதாகத் திறந்த துறைமுகத்தையே மூடிவிடலாமா என எண்ணுமளவுக்கு அச்சம் மிகுந்தது. கிள்ளான் மருத்துவர் மால்கம் வாட்சன், நோய்க்குக் காரணம் கொசுவே என்னும் புதிய அறிவைக் கைக்கொண்டு, சதுப்பு நிலங்களில் வடிகால் வெட்டச் செய்தார். காய்ச்சல் தணிந்தது, துறைமுகம் பிழைத்தது. வடிகால் வெட்டியவை உழைப்பாளிகளின் கைகள். அந்தக் கைகளின் வழிவந்தோர் நாம். கிருமி எந்தப் பெயரோடு வந்தாலும், அறிந்து நடப்போம், மறையாது சொல்வோம், ஒருவரையொருவர் காப்போம்.