ஜரிகையை மேலே படுக்க வைப்போம்



தையலைப் பத்திப் பேசச் சொன்னாங்க. நான் கெடுத்த ஜாக்கெட்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

குழுவில் கடன் வாங்கி மரச்சட்டமும் ஜரிகை நூலும் வாங்கினேன். முதல் ஆர்டர் ஒரு கல்யாணப் பொண்ணோட பட்டு ஜாக்கெட். பள்ளிக்கூடத்தில் மேட்டி துணியில் பூ போட்ட தைரியத்தில், ஜரிகையையும் சாதா நூல் மாதிரி ஊசியில் கோத்து மேலும் கீழும் இழுத்துத் தைத்தேன். ஜரிகை என்பது உள்ளே ஒரு நூல், அதன்மேல் சுற்றிய மெல்லிய தகடு. துணிக்குள் நுழைஞ்சு நுழைஞ்சு தகடு உரிஞ்சு, உள்நூல் பல்லைக் காட்டிடுச்சு. துணிக்கு நானே பணம் கொடுத்தேன். அந்த மாசத் தவணைக்குக் கையில் காசில்லை. எங்க குழு அக்கா ஒருத்தர், ஒரு வார்த்தை கேட்காம, எனக்காகக் கட்டினார்.

பிறகு பயிற்சிக்குப் போனேன். "ஜரிகையை உள்ளே விடாதேம்மா, மேலே படுக்க வை" என்றார் டீச்சர். இதற்குக் கவுச்சிங் என்று பெயர்.

துணியைச் சட்டத்தில் நல்லா இறுக்கணும். தட்டினால் மேளம் மாதிரி கேட்கணும். வரைந்த கோட்டின்மேல் ஜரிகையை இரண்டு இழையாகப் படுக்க வைக்கணும். ஆறு இழை எம்ப்ராய்டரி நூலில் ஒரே ஒரு இழையைப் பிரிச்சு ஊசியில் கோத்து, ஜரிகைக்குக் குறுக்கே சின்னச் சின்னக் கட்டாப் போடணும். நேர்கோட்டில் ஒரு அரிசி நீளத்துக்கு ஒரு கட்டு. வளைவில் இன்னும் நெருக்கமா. மூலை வந்தால் அந்த முனையிலேயே ஒரு கட்டுப் போட்டுட்டுத் திருப்பணும். கட்டை இறுக்கி இழுத்தால் ஜரிகை நெளிஞ்சிடும். கட்டு தெரியக் கூடாதுன்னா மஞ்சள் நூல், தெரியணும்னா சிவப்பு. ஜரிகையின் இரண்டு நுனி மட்டும்தான் பெரிய காது ஊசியில் அடியில் இறங்கணும். அங்கே முடிச்சு வேண்டாம். அரை அங்குலம் மடக்கித் தைச்சால் போதும். இஸ்திரியைத் துணியின் பின்பக்கம், அடியில் துண்டு விரிச்சுப் போடணும்.

ஜரிகை எல்லாம் மேலேயே தெரியுது, அடியில் வீணாகலை. அதனால் நூல் செலவும் குறையுது.

"தொழில் ரகசியத்தை மேடையில சொல்லாத, உன் ஆர்டர் போயிடும்" என்று சிலர் சொன்னாங்க. அன்னிக்கு அந்த அக்கா தன் காசைப் பொத்தி வச்சிருந்தா, நான் ஊசியையே தொட்டிருக்க மாட்டேன்.

அந்த ஜாக்கெட்டைக் கொண்டு வந்திருக்கேன். ஒரு கை பழைய தையல். இன்னொரு கையைப் பிரிச்சுப் புதுசாத் தைச்சேன். பழைய ஓட்டைகளை ஜரிகை மூடிடுச்சு. சாப்பாட்டு நேரத்தில் இரண்டையும் தொட்டுப் பாருங்க. கத்துக்க ஆசைப்படறவங்க அடுத்த கூட்டத்துக்கு ஒரு சாண் துணியோட வாங்க, நான் சொல்லித் தர்றேன்.