ஆங்கிலச் சொற்கள் சிலவற்றின் பிறப்பு



'பாய்' என்றால் பையன், 'கேர்ள்' என்றால் சிறுமி என்று 30 ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதி வருகிறோம். அச்சொற்கள் பிறந்த கதையை நாமே நெடுநாள் எண்ணிப் பார்த்ததில்லை.

இடைக்கால ஆங்கிலத்தில் 'கேர்ள்' என்பது ஆண், பெண் இருபாற் குழந்தைகளுக்கும் பொதுப்பெயர். 'பாய்' என்பதற்கோ ஏவலாள் என்பது பொருள். இவற்றினும் வியப்பானவை இரண்டு உள. 'நைட்', 'நேவ்' என்னும் இரண்டும் பழைய ஆங்கிலத்தில் சிறுவனையே குறித்தன. (இரவைக் குறிக்கும் 'நைட்' அன்று, 'கே' எழுத்தில் தொடங்குவது. மாணவர்கள் இங்கேதான் மதிப்பெண் இழக்கிறார்கள்.) முதற்சொல் அரசர்க்குப் போர்த்தொழில் புரிந்தாரைச் சேர்ந்து வீரப்பட்டமாக உயர்ந்தது. மற்றது வீட்டுப் பணியாளரைச் சேர்ந்து, கயவன் என்னும் வசையாகத் தாழ்ந்தது. சொல்லின் பிறப்பில் வேறுபாடில்லை. அதைத் தாங்கியவர் நின்ற இடத்திலேதான் வேறுபாடு.

கொங்கு நாட்டார்க்கு இதை விளக்க வேண்டுவதில்லை. பேரன் கண்ட பண்ணையாளைப் பண்ணாடி வீட்டுச் சிறுவன் 'டேய்' என விளிப்பதையும், அம்முதியவர் 'சாமி' எனக் கைகட்டி நிற்பதையும் நம் இளமையில் கண்டோம். அமெரிக்காவிலும் நரைத்த கறுப்பரை வெள்ளையர் 'பாய்' என்றே அழைத்தனர். 1968இல் மெம்பிஸ் நகரத் துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது ஏந்திய அட்டைகளில் 'நான் ஒரு மனிதன்' என்றே எழுதியிருந்தனர். அவர்க்குத் துணைநின்ற மார்ட்டின் லூதர் கிங் அந்நகரிலேயே ஏப்ரல் 4 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார்.

மக்களைக் குறித்த பெயர் ஒன்று தமிழிலிருந்தும் ஆங்கிலத்திற் புகுந்தது. பறையர் என்னும் நம் பெயரே அங்கு 'பரையா' ஆயிற்று. சமுதாயத்தால் ஒதுக்கப்பட்டவர் என்று அகராதி பொருள் கூறுகிறது; பிற நாடுகள் ஒதுக்கிய நாட்டையும் 'பரையா நாடு' என நாளேடுகள் எழுதுகின்றன. பறை என்பது முழக்கும் கருவி; சொல்லுதல் என்றும் பொருளுண்டு. வாளையாற்றைத் தாண்டினால் பேச்சுக்கு அதுவே அன்றாடச் சொல். இழிவு எங்கே இருந்தது? அரசு ஏடுகளில் பறையர், பஞ்சமர் என்பவற்றை நீக்கி ஆதிதிராவிடர் என வழங்குமாறு 1922இல் ஆணை பிறந்தது. அதற்காகச் சென்னைச் சட்டமன்றத்தில் முயன்றவர் எம்.சி. ராஜா.

இதை வகுப்பிற் கூறியபோது எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, அகராதியில் பொருள் எழுதுபவர் யார்?" என்றாள். படித்தவர்கள் என்றோம். "நாங்களும் எழுதலாமா?" என்றாள். எழுதலாம் என்றோம்.