போனவர்கள் விட்டுச் சென்றவை



நிவாரணம் என்ற சொல்லை அறியாத பிள்ளை எங்கள் வன்னியில் இல்லை. அரிசி, மா, சீனி, பருப்பு, தறப்பாள் என்று அதற்கு ஐந்து உருப்படிகள். 2004 மார்கழியில் கடல் முல்லைத்தீவை அள்ளிச் சென்ற பின் பல தேசத்தவரும் வந்தார்கள். பெரும்பாலானோர் அன்போடுதான் வந்தார்கள். என்னைக் கொட்டில் வாசலில் நிறுத்திப் படம் பிடித்த ஒருவர் மட்டும் என் பெயரைக் கேட்காமலே போய்விட்டார். அன்றுதொட்டு, வருகிறவர் எதைக் கொண்டு வருகிறார் என்பதை விட, எதை விட்டுப் போகிறார் என்றே பார்க்கப் பழகிவிட்டேன்.

அப்படிப் பார்க்கையில் என் மனத்தில் முதலில் வந்து நிற்பவர் டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன். அமெரிக்காவின் வூஸ்டர் நகரில் 1822இல் பிறந்தவர். அமெரிக்க மிஷன் அனுப்ப 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் நோயாளரைப் பார்க்கத் தொடங்கினார். மதம் பரப்ப வந்தவர்தான். அதை மறைப்பதில் பயனில்லை. மருந்தோடு வேதமும் சேர்ந்தே வந்தது. அதை விரும்பாதவர்கள் இருந்தார்கள், அவர்களுக்கு நியாயமும் இருந்தது.

ஆனால் அவர் வேறொன்றும் செய்தார். உள்ளூர் இளைஞரைக் கூட்டி வைத்தியம் படிப்பித்தார். முதலில் ஆங்கிலத்தில்தான். படித்தவர்களோ அரசாங்க உத்தியோகம் தேடி ஊரை விட்டுப் போனார்கள். ஊருக்கு வைத்தியன் வேண்டுமென்றால் ஊர்மொழியிலே படிப்பிக்க வேண்டும் என்று கண்டுகொண்டு, 1860களில் தமிழுக்கு மாறினார். அதற்குப் புத்தகங்கள் இல்லை. இருந்து மொழிபெயர்த்தார்: இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம், இன்னும் பல. முதலில் தமிழில் ஏற்ற சொல் உண்டா என்று தேடுவார். இல்லையேல் வடமொழியைப் பார்ப்பார். அங்கும் அகப்படாவிட்டால்தான் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதுவார். அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியர்கள் அவரிடம் பயின்று வெளியேறினார்கள். தம் மாணவர் வேட்டியை விட்டுக் காற்சட்டைக்கு மாறுவதையும் அவர் விரும்பவில்லையாம்!

எதிர்த்து நின்றவர்களும் இவர்களிடம் கற்றுக்கொண்டார்கள். மெதடிஸ்த மிஷன் பாடசாலையிலே படித்து, அங்கேயே படிப்பித்து, பேர்சிவல் பாதிரியாரின் வேதாகம மொழிபெயர்ப்புக்குத் துணைநின்ற ஆறுமுக நாவலர், 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளி தொடங்கினார். பின்னர் அச்சுக்கூடமும் நிறுவினார். 1877இல் பஞ்சம் வந்தபோது கஞ்சி வார்த்தார். பாதிரிமாரின் கருவிகளை எடுத்து அவர்களுக்கு எதிராகவே பயன்படுத்தியவர் அவர். அதை நன்றிகெட்டதனம் என்று நான் சொல்லமாட்டேன். கொடுத்தது கையில் தங்கிவிட்டது என்பதற்கு அதைவிட வேறென்ன சாட்சி?

இதை வன்னியில் இருந்து ஏன் பேசுகிறேன் என்று கேட்பீர்கள். 2008 புரட்டாதியில் வெளிநாட்டு உதவி நிறுவனங்களை வெளியேறச் சொல்லி அரசு பணித்தது. கிளிநொச்சியில் சனங்கள் ஐ.நா. அலுவலக வாசலில் போய் நின்று, போகாதீர்கள் என்று மன்றாடினார்கள். வாகனங்கள் போய்விட்டன. செஞ்சிலுவைக் குழு மட்டும் தங்கியது. மறு வருடம் காயப்பட்டவர்களைக் கப்பலில் ஏற்றியது. புதுமாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் பாடசாலைக் கட்டடங்களில் சத்திரசிகிச்சை செய்தவர்களோ எங்கள் வைத்தியர்கள், தாதிகள், தொண்டர்கள். மருந்து இல்லை, இரத்தம் இல்லை. எங்கே நோகுது அம்மா என்று கேட்கத் தெரிந்த ஆட்கள் இருந்தார்கள். அந்த வைத்தியர்கள் படித்தது ஆங்கிலத்தில்தான் என்பதையும் சொல்லவேண்டும். கிறீன் போன பிறகு தமிழ்வழி வைத்தியக் கல்வி நெடுநாள் நிலைக்கவில்லை. ஆனால் வைத்தியன் ஊரவனாக இருக்கவேண்டும் என்று அந்த மனிதர் 1860களில் பிடித்த பிடிவாதத்தின் பொருள் எனக்கு அந்தப் பாடசாலை வாங்குகளின் அருகில்தான் விளங்கியது.

கிறீன் 1873இல் ஊர் திரும்பினார். அதோடு விட்டாரா? அவருடைய கெமிஸ்தம் என்ற இரசாயன நூல் 1875இல் வெளிவந்தபோது அவர் தமிழ் கேட்காத வூஸ்டரில் இருந்தார். 1884இல் அங்கேயே காலமானார். தம்மைத் தமிழருக்கான வைத்திய ஊழியர் என்று கல்லறையில் பொறிக்கச் சொல்லியிருந்தார், அப்படியே பொறித்திருக்கிறார்கள்.