நீர் எடுத்ததும் நீர் இட்டதும்



மொழியையும் இலக்கியத்தையும் பற்றி அறிஞர் பலர் பேசிய இவ்வரங்கில், நிலத்தைப் பற்றிப் பேச எனக்கு வாய்ப்பளித்த மன்றத்தார்க்கு என் நன்றி. உரையின் பொருளைக் கேட்ட நண்பர் ஒருவர், “மண் அரிப்பைப் பற்றிப் பேசத் தமிழ் மன்றம் எதற்கு?” என்று வினவினார். அவருக்கு உரிய விடை இவ்வுரையின் முடிவில் கிடைக்கும் என நம்புகிறேன்.

நாம் அனைவரும் அறிந்த ஓர் ஊரிலிருந்து தொடங்குகிறேன். 1025ஆம் ஆண்டளவில் முதலாம் இராசேந்திர சோழனின் கடற்படை வென்ற ஊர்களுள் கடாரமும் ஒன்று என அவனது மெய்க்கீர்த்தி கூறுகிறது. இன்றைய கெடா மாநிலத்தில், ஜெராய் மலையின் தென்புறத்தே அமைந்த புஜாங் பள்ளத்தாக்கோடு அறிஞர் பலர் அக்கடாரத்தைத் தொடர்புபடுத்துவர். 1930களில் குவாரிச் வேல்ஸ் இணையர் அங்கே அகழ்ந்து பழைய கோயில்களின் அடித்தளங்களை வெளிக்கொணர்ந்தனர். அப்பள்ளத்தாக்கில் பெங்காலான் பூஜாங் என்றோர் ஊர் உண்டு. ‘பெங்காலான்’ என்னும் மலாய்ச் சொல்லுக்குப் படகுத்துறை என்று பொருள். அவ்வூரில் சீனப் பீங்கான் ஓடுகளும் மணிகளும் ஏராளமாகக் கிடைத்துள்ளன. ஆயினும் இன்று அங்கே நிற்பவர் கண்ணுக்குக் கடல் தென்படாது. சற்றுத் தொலைவிலுள்ள சுங்கை பத்துவிலோ, செங்கல்லால் கட்டிய துறைமேடைகளின் எச்சங்கள் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே வெளிப்பட்டன.

மரக்கலம் வந்தடைந்த துறை, நிலத்துக்கு நடுவே வந்தது எவ்வாறு? இதற்குச் சான்றுகளை நிலமே வைத்திருக்கிறது. அவற்றைப் படிக்கும் முறையை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதற்சான்று கல்லும் மணலும். விரைந்தோடும் நீர் பாறைத் துண்டையும் உருட்டிச் செல்லும். வேகம் தணியத் தணிய அது சுமையை இறக்கிவைக்கும். முதலிற் பெருங்கல், அடுத்துச் சரளை, அதன்பின் மணல், இறுதியில் வண்டலும் களியும். ஆகவே மலையடிவாரத்தில் உருண்டைக் கற்களையும், கழிமுகத்தில் மென்சேற்றையும் காண்கிறோம். கல்லின் வடிவமும் பேசும். முனை மழுங்காத கல் பிறந்த இடத்தை விட்டு நெடுந்தொலைவு வந்திராது. வழவழப்பாக உருண்ட கல் ஆற்றோடு நெடுவழி உருண்டதாகவோ, அலையில் நெடுங்காலம் புரண்டதாகவோ இருத்தல் வேண்டும். ஆறே இல்லாத மேட்டுநிலத்தில் கிணறு தோண்டும்போது அத்தகைய கற்கள் அடுக்கடுக்காகக் கிடைத்தால், அங்கே ஒருகாலத்தில் நீர் ஓடியது என்று துணியலாம்.

இரண்டாம் சான்று ஆற்றின் வளைவு. கெடாவையும் பினாங்கையும் பிரிக்கும் மூடா ஆற்றின் கீழ்ப்பகுதியைப் பாருங்கள். அது வளைந்து வளைந்து செல்கிறது. வளைவின் வெளிப்புறத்தில் நீர் விரைந்து மோதுவதால் கரை செங்குத்தாக இடிந்து, மரவேர்கள் வெளியே தொங்கும். உட்புறத்தில் நீர் தளர்ந்து நகர்வதால் மணல் சரிவாகப் படிந்து கரை வளரும். இவ்வாறு ஒருபுறம் இழந்தும் மறுபுறம் சேர்த்தும் ஆறு மெல்ல இடம்பெயர்கிறது. வெளிவளைவின் விளிம்பில் வீடு கட்டுபவர் ஆற்றின் பாதையிலேயே கட்டுகிறார்.

இவ்விடத்தில் நம் மொழியை நினைவுகூர்தல் தகும். வெள்ளத்தால் இடியும் கரைக்கு இடிகரை என்று பெயர். மணல் சேர்ந்த கரையை அடைகரை என்னும் பழஞ்சொல்லால் குறிக்கலாம். நீர் குவித்த மணல்மேடு எக்கர். ஆற்றின் நடுவே எழுந்த திட்டு துருத்தி. நீர் வடிந்தபின் மணலில் எஞ்சும் வரிவரியான நெளிவு அறல். அவ்வறலைக் கூந்தலுக்கு உவமையாக்கிய புலவர்கள், நீரோட்டம் மணலில் விட்ட தடத்தை நேரில் உற்றுப் பார்த்தவர்கள். ஒரு சிறு குறிப்பு: ஒரே திசையில் ஓடிய நீர் விட்ட அறலில் ஒருபக்கச் சரிவு மென்மையாகவும் மறுபக்கச் சரிவு செங்குத்தாகவும் இருக்கும், செங்குத்தான பக்கம் நீர் சென்ற திசையைக் காட்டும். முன்னும் பின்னும் அசையும் அலை விட்ட நெளிவிலோ இருபுறச் சரிவும் ஒத்திருக்கும்.

மூன்றாம் சான்று கடலின் பழைய தடம். அலோர் ஸ்டார் நகரத்தருகே, வயல்வெளியின் நடுவே கெரியாங் என்னும் சுண்ணாம்புக் குன்று தனித்து நிற்கிறது. வட கெடாவிலும் பெர்லிசிலும் இத்தகைய குன்றுகள் பல உண்டு. அவற்றுள் சிலவற்றின் அடியில், பாறையைக் குடைந்தாற்போல் கிடைமட்டமாக ஒரு பள்ளம் ஓடும். கடல்மட்டத்தில் நின்று அலையும் உயிரினங்களும் அரித்த வடு அது. ஆயினும் சதுப்புநீரும் சுண்ணாம்புக் கல்லைக் கரைக்க வல்லது. எனவே பள்ளத்தை மட்டும் கண்டு முடிவுக்கு வருதல் கூடாது. பாறையில் ஒட்டிய சிப்பி ஓடுகளும், வயலுக்கடியில் கடற்களியும் சேர்ந்து கிடைக்கும்போதுதான் வழக்கு நிலைபெறுகிறது. ஒரு சாட்சியை மட்டும் நம்பித் தீர்ப்பளியாமை, நிலத்தைப் படிப்போர்க்கும் உரிய அறமாகும்.

இச்சான்றுகள் கூறும் செய்தி இது: ஏறத்தாழ 5,000 ஆண்டுகளுக்கு முன் இத்தீபகற்பத்தின் கரையோரத்தில் கடல் இன்றைய மட்டத்தைவிடச் சில மீட்டர் உயர்ந்திருந்தது. பின்னர் அது தாழ்ந்தது. மலையிலிருந்து ஆறுகள் சுமந்து வந்த வண்டல் ஆழமற்ற கரையோரத்தில் படிந்தது. அலையாத்தி மரங்களின் வேர்கள் அச்சேற்றைப் பற்றி நிறுத்தின. அவ்வாறு கரை கடலை நோக்கி நகர, துறைகள் பின்தங்கின. கடாரத்தின் வாணிகம் தளர்ந்தமைக்கு அரசியற் காரணங்களும் உண்டு. ஆயினும் படையெடுப்பைப் பற்றி இத்தனை பேசும் நாம், ஆண்டுதோறும் ஓசையின்றி வந்த வண்டலை மறந்துவிட்டோம்.

அவ்வண்டலில் நம் கைமண்ணும் கலந்தது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நாட்டு ரப்பர்த் தோட்டங்களில் மரங்களுக்கிடையே ஒரு புல்லும் நில்லாதபடி களை எடுப்பது வழக்கமாயிருந்தது. அவ்வேலையைச் செய்தோரில் நம் முன்னோர் மிகப் பலர். வெறுமையாக்கப்பட்ட சரிவுகளில் மழை விழுந்தபோது மேல்மண் ஓடைகளில் இறங்கியது. பின்னரே படிவரிசை வெட்டுதலும், மண்ணை மூடிப் படரும் அவரையினக் கொடிகளை வளர்த்தலும் பரவின. நான் சிறுவனாக இருந்தபோது, முதிய பால்மரங்களின் தடித்த வேர்கள் தரைக்குமேல் புடைத்திருக்கும். அவற்றின்மேல் அமர்ந்து விளையாடினோம். ஒருகாலத்தில் தரை அவ்வேர்களுக்கு மேலாக இருந்ததென்பதை அன்று யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. இன்றும் வெளித்தெரியும் வேரையும், சிறு கற்களைத் தலையில் தாங்கி நிற்கும் மண்தூண்களையும் கண்டால், அச்சரிவு மண்ணை இழந்துகொண்டிருக்கிறது என்று அறிக.

இறுதியாக, ஜெராய் மலைக்கே திரும்புவோம். 1,217 மீட்டர் உயரமுள்ள அம்மலை, பழங்கால மாலுமிகளுக்குக் கரையைக் காட்டிய மலை. 2021 ஆகஸ்டு 18ஆம் நாள் அங்கே பெருமழை பெய்தது. நீரும் சேறும் பாறைகளும் அடிமரங்களும் ஒன்றாகத் திரண்டு அடிவார ஊர்களில் பாய்ந்தன. வீடுகள் சேறு மூடின, உயிர்ச்சேதமும் நேர்ந்தது. அத்தகைய பெருக்கு இட்டுச்செல்லும் படிவில் முன்னர்ச் சொன்ன ஒழுங்கு இராது. பெரும்பாறையும் சரளையும் சேறும் மரமும் கலந்தே கிடக்கும். முழங்காலளவு நீரோடும் ஓடையருகே ஆளுயரப் பாறைகள் இவ்வாறு கலந்து கிடப்பதைக் கண்டால், அவற்றைக் கொணர்ந்தது எது என்று கேளுங்கள். இன்று நாம் காணும் தெளிந்த நீருக்கு அவ்வலிமை இல்லை. என்றோ வந்த வேறொரு பெருக்கு கொணர்ந்திருக்கக் கூடும். அது மீண்டும் வரலாம். விடுமுறையில் குழந்தைகளோடு அருவிக்குச் செல்லும் நாம், நீர் திடீரெனக் கலங்கினாலோ, இலையும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, பொருள்களை எடுக்கவும் நில்லாது உடனே மேட்டுக்கு ஏறிவிடல் வேண்டும்.

நண்பரின் வினாவுக்கு இப்போது விடை கூறுகிறேன். நம் மாணவர்கள் அரிப்பு, படிவு என்னும் சொற்களைத் தேர்வுக்காகக் கற்கின்றனர். தேர்வு முடிந்ததும் மறக்கின்றனர். இடிகரை என்னும் சொல்லைக் கைக்கொண்ட பிள்ளை, ஆற்றோரத்தில் நின்று, “இக்கரை ஏன் இடிகிறது?” என்று கேட்கும். அக்கேள்வி அப்பிள்ளையைக் காக்கவும் கூடும். ஆதலால் ஆசிரியப் பெருமக்களை ஒன்று வேண்டுகிறேன். ஆண்டுக்கு ஒருமுறையேனும் மாணவர்களை ஓர் ஆற்றங்கரைக்கோ கடற்கரைக்கோ அழைத்துச் செல்லுங்கள். நீர் எதை எடுத்தது, எதை இட்டது என்று தமிழிலே கேளுங்கள். சான்றைக் காட்டி அவர்கள் தமிழிலே விடையளிக்கட்டும்.