கத்திக்குப் பின் வரும் கணக்கு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இலக்கிய உரைகளைக் கேட்டு மகிழ்ந்திருக்கும் இவ்வவையில் அறுவை மருத்துவத்தைப் பற்றிப் பேசப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். நாம் மருத்துவம் கற்றவரல்லோம்; ரயில்வே அலுவலகத்தில் பதிவேடு எழுதிக் காலங்கழிப்பவர். எனினும், மருத்துவ ஆராய்ச்சியின் உயிர் கத்தியில் பாதி என்றால், பதிவேட்டில் மறுபாதி இருக்கின்றது. அந்த மறுபாதியைப் பற்றிப் பேச எழுத்தனுக்கும் சிறிது உரிமை உண்டென்று கருதுகின்றோம்.

திருப்பதியிலும் சித்தூரிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு மருத்துவமனை புதிய இடமன்று. திருப்பதியில் சுவிம்ஸ் இருக்கின்றது. தேவஸ்தானத்தின் பேர்ட் மருத்துவமனை இருக்கின்றது. சித்தூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி இருக்கின்றது. இங்கெல்லாம் அறுவை செய்வதோடு ஆராய்ச்சியும் நடைபெறுகின்றது. பேர்ட் என்பதன் முழுப்பெயரிலேயே அறுவை, ஆராய்ச்சி, மறுவாழ்வு என்னும் மூன்று சொற்களும் அடுத்தடுத்து நிற்கின்றன. ஆனால் ‘ஆராய்ச்சி’ என்ற சொல் காதில் விழுந்தவுடன் நம் இல்லங்களில் என்ன பேச்சு எழுகின்றது? “நம்மை வைத்துச் சோதனை செய்கிறார்களாம்” என்பதுதானே! இவ்வச்சம் முற்றிலும் பொய்யா? முற்றிலும் மெய்யா? இதுவே இன்று நாம் எடுத்துக்கொண்ட வினா.

முதலில் நம் அண்டையூராகிய வேலூரில் நடந்த வரலாற்றைக் காண்போம். பால் பிராண்டு என்னும் ஆங்கிலேயர் 1914-ஆம் ஆண்டு நம் கொல்லிமலையில் பிறந்தவர். இங்கிலாந்தில் அறுவை மருத்துவம் பயின்று 1946-இல் வேலூருக்கு வந்தார். மறு ஆண்டு செங்கற்பட்டிலிருந்த தொழுநோய் இல்லத்துக்குச் சென்று, விரல்கள் மடங்கிப் பறவையின் நகம்போல் வளைந்த கைகளைப் பலவாகக் கண்டார். அக்கைகளுக்கு அறுவை செய்ய அந்நாளில் எவரும் முன்வரவில்லை. தொழுநோயாளரின் தசை கெட்டது, அதில் இட்ட புண் ஆறாது என்பதே பரவலான எண்ணம்.

பிராண்டும் அவர்தம் குழுவினரும் முதலில் கத்தியை எடுக்கவில்லை, கணக்கை எடுத்தனர். நோயாளி ஒவ்வொருவரின் கையிலும் எத்தசை செயலற்றது, எத்தசை வலிமையோடு இருக்கின்றது, எவ்விடத்தில் உணர்ச்சி இல்லை என்று சோதித்துக் குறித்தனர். அக்குறிப்புகளை அடுக்கிப் பார்த்தபோது ஓர் ஒழுங்கு புலப்பட்டது. தொழுநோய்க் கிருமி உடலின் குளிர்ந்த பகுதிகளை நாடுவது. முழங்கையருகே தோலுக்கு அடியில் செல்லும் நரம்பு அதற்கு எளிதில் இரையாகின்றது. அதனால் உள்ளங்கையின் சிறு தசைகள் செயலிழக்கின்றன. முன்கையின் பெருந்தசைகளுட் பல நல்ல நிலையிலேயே இருக்கின்றன. ஆகவே, நல்ல தசையொன்றின் நாணைப் பிரித்து, செயலற்ற தசை செய்த வேலைக்கு அதனை மாற்றி இணைத்தால் விரல் மீண்டும் நிமிருமன்றோ? 1948-இல் வேலூரில் அவ்வறுவை தொடங்கியது. புண் ஆறியது, விரல் நிமிர்ந்தது. தொழுநோயாளரின் தசை கெட்டது என்ற பழங்கொள்கை வீழ்ந்தது. 1952-இல் இலண்டன் அறுவை மருத்துவக் கல்லூரியில் பிராண்டு இதனைச் சொற்பொழிவாகவே எடுத்துரைத்தார்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் இது ஒரு வெற்றிக் கதை மட்டுமே. அறுவைக்குப் பின் வீடு சென்றவர்களுட் சிலர் புதிய புண்களோடு திரும்பி வந்தனர். கை நிமிர்ந்தது, உணர்ச்சி திரும்பவில்லை. வலி அறியாத கை சுடுகலத்தைப் பற்றியது. கருவியை அளவுக்கு மீறி அழுத்தியது. விரல் குறைவதற்கு நோய் நேரே காரணமன்று, வலியின்மையால் நேரும் காயமே பெருங்காரணம் என்னும் உண்மை இவ்வாறு வெளிப்பட்டது. இன்னும் சிலர், “கை நேரான பிறகு இரக்கத்துக்குரியவராகத் தோன்றவில்லை, பிச்சையும் கிடைக்கவில்லை, வேலை கொடுப்பாரும் இல்லை” என்று வருந்தினர். அறுவையாளரின் ஏட்டில் வெற்றி. நோயாளியின் வாழ்வில் தோல்வி! இதனைக் கேட்ட பின்னரே, நோயாளர் தங்கித் தச்சு முதலிய தொழில்களைக் கற்கும் புதுவாழ்வு இல்லம் வேலூரில் எழுந்தது. 1955-இல் கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் தோன்றியது.

அவ்வணியில் இருந்த டாக்டர் மேரி வர்கீஸ் அம்மையாரை இங்கு நினையாமல் இருத்தல் இயலாது. 1954-இல் நேர்ந்த விபத்தில் அவர் கால்கள் செயலிழந்தன. அவர் சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்தார். பின்னர் மறுவாழ்வு மருத்துவம் பயின்று, வேலூரில் அத்துறையைத் தலைமை ஏற்று வளர்த்தார். 1972-இல் பத்மசிறீ விருது அவருக்கு வழங்கப்பெற்றது.

இவ்வரலாறு உணர்த்துவது யாது? அறுவையின் பயன் அறுவைக்கூடத்தில் தெரிவதில்லை. நோயாளி வீடு சென்று, உண்டு, உழைத்து, ஆறு திங்களோ ஓராண்டோ கழித்துத் திரும்பி வந்து, “இப்படி இருக்கின்றேன்” என்று சொல்லும்போதுதான் தெரிகின்றது. அமெரிக்காவில் பாசுடன் நகரில் எர்னசுட்டு காடுமன் என்ற அறுவையாளர் இதனைக் கொள்கையாகவே கொண்டவர். 1911 முதல் 1916 வரை தம் சிறு மருத்துவமனையிலிருந்து வீடு சென்ற 337 நோயாளரைப் பற்றிய கணக்கை அச்சிட்டு, அவற்றுள் 123 பிழைகள் நேர்ந்தன என்று தாமே வெளியிட்டார். அவரைச் சக மருத்துவர்கள் பாராட்டவில்லை, பகைத்தனர். இன்றோ அவர் காட்டிய வழியே உலகின் வழியாகிவிட்டது.

திரும்பி வாராதவரால் கணக்கு எவ்வாறு கெடுகின்றது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். 100 பேருக்கு ஓர் அறுவை செய்யப்பட்டது எனக் கொள்வோம். ஓராண்டு கழித்து 60 பேரே வந்தனர். அவருள் 54 பேர் நலம். வந்தவரை மட்டும் எண்ணினால் 90 விழுக்காடு வெற்றி. வாராத 40 பேரும் நலமெனின் 94. அவர்கள் எவரும் நலமில்லையெனின் 54! இரண்டுக்கும் இடையில் உண்மை எங்கோ ஒளிந்து கிடக்கின்றது. நலமானவர் “இனி எதற்கு?” என்று வருவதில்லை; நலமில்லாதவர் “இங்கு என்ன பயன்?” என்று வேறிடம் செல்கின்றனர். அடுத்து அதே அறுவைக்கு வரும் ஏழை, அந்தக் குறைக்கணக்கை நம்பியே மேசைமேல் படுக்கின்றார்.

சரியான ஒப்பீடு இல்லையெனில் மருத்துவரும் ஏமாறுவர். இதயவலிக்காக மார்பிலுள்ள ஓர் இரத்தக் குழாயைக் கட்டும் அறுவை ஒரு காலத்தில் அமெரிக்காவில் புகழ்பெற்றிருந்தது. 1959, 1960 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த இரண்டு ஆய்வுகளில், சிலருக்குக் குழாயைக் கட்டியும் சிலருக்குத் தோலை மட்டும் கீறித் தைத்தும் பார்த்தனர். இரு பிரிவினருமே வலி குறைந்தது என்றனர்! அவ்வறுவை வழக்கொழிந்தது, பலர் வீண் அறுவையினின்றும் தப்பினர்.

ரயில்வேக் குடும்பத்தார்க்கு எளிதில் விளங்கும் மற்றொரு செய்தியையும் சொல்வோம். ஒற்றைப் பாதையில் டோக்கன் பெறாமல் வண்டி புறப்படாது என்பது நம் பழைய முறை. ஓட்டுநர் எத்தனை ஆண்டு அனுபவம் உடையவராயினும் விதி விதியே. உலக நலவாழ்வு நிறுவனம் அறுவைக்கூடத்துக்கும் இத்தகைய விதியொன்றை வகுத்தது. மயக்க மருந்துக்கு முன், கத்தி வைக்கும் முன், கூடத்தை விட்டு வெளியேறும் முன் என மூன்று இடங்களில் நின்று, ‘நோயாளி இவர்தாமா? அறுவை இவ்விடத்தில்தானா? பஞ்சும் ஊசியும் எண்ணிக்கை சரியா?’ என்று வாய்விட்டுப் படிக்கும் 19 வரிப் பட்டியல் அது. புது தில்லி உட்பட எட்டு நகரங்களில் அதனைச் சோதித்து 2009-இல் முடிவை வெளியிட்டனர். இறப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 ஆகவும், பெருஞ்சிக்கல்கள் 11 விழுக்காட்டிலிருந்து 7 ஆகவும் குறைந்தன. புது மருந்தில்லை, புதுக் கருவியில்லை, ஒரு தாள்!

இனி, தொடக்கத்தில் கூறிய அச்சத்துக்கு வருவோம். அது முற்றிலும் பொய்யன்று. மேற்கூறிய இதயவலி ஆய்வில், தோலை மட்டும் கீறப்பெற்றவர்க்கு அவ்வுண்மை முன்கூட்டிச் சொல்லப்படவில்லை. இன்று அவ்வாறு செய்தல் தகாது. 1964-இல் எல்சிங்கியில் மருத்துவ உலகம் ஆய்வு நெறிகளை வகுத்தது. நம் நாட்டிலும் ஆய்வு தொடங்குமுன் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்கம் தரவேண்டும். ஒப்புவதும் மறுப்பதும் அவர் விருப்பம். இடையில் விலகினாலும் மருத்துவம் குறைவின்றித் தொடரவேண்டும். 2007 முதல் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடும் இயங்குகின்றது. அதில் பதிந்த ஆய்வுகளை யாரும் கட்டணமின்றிக் காணலாம்.

சட்டம் நன்று, வழக்கம் எப்படி? நம் குடியிருப்பில் ஒரு முதியவர் ஒரு மருத்துவமனையில் தெலுங்கில் அச்சிட்ட தாளொன்றில் கையொப்பமிட்டார். தெலுங்கில் சரளமாகப் பேசுபவர், படிக்கத் தெரியாதவர். வீட்டார் அதனை வீட்டுக்கு அனுப்பும் சீட்டென்றே எண்ணினர். பல நாள் கழித்துத் தாளைப் படித்தபோதுதான், ஆய்வொன்றில் சேர ஒப்பிய தாள் அது என்று விளங்கிற்று. அவருக்குத் தீங்கு எதுவும் நேரவில்லை. ஆனால் மறுசோதனைக்கு அழைத்த மடல், மகனுக்கு இடமாற்றமாகிக் காலியான குவார்ட்டர்சுக்குச் சென்று திரும்பிவிட்டது. இவ்வாறு அவர் கேளாமலே சேர்ந்தார். அறியாமலே கணக்கிலிருந்து விழுந்தார். இரண்டுமே தவறு. கேட்டுச் சேர்தலும், சேர்ந்தபின் நிலைத்தலுமே முறை.

புலம்பெயர்ந்து வாழும் நமக்கு இவ்விடர் மற்றவரைவிட மிகுதி. நாம் பேசும் மொழி ஒன்று, தாளின் மொழி மற்றொன்று. இன்றிருக்கும் முகவரி நாளை இல்லை. ஆகவே இச்சங்கத்தின்முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றோம்.

ஒன்று: தெலுங்கும் ஆங்கிலமும் படிக்கவல்ல நம் இளைஞர்கள் ஞாயிறுதோறும் சங்கக் கட்டடத்தில் ஒரு மணி நேரம் அமர்ந்து, மருத்துவமனைத் தாள்களை முதியோர்க்குத் தமிழில் படித்துச் சொல்லவேண்டும். முடிவு சொல்லவேண்டா, படித்துச் சொன்னால் போதும்.

இரண்டு: ஒவ்வோர் இல்லத்திலும் ஒரு குறிப்பேடு இருக்கவேண்டும். அறுவையின் பெயர், நாள், மருத்துவமனை எண், மறுசோதனை நாள் ஆகியவற்றை அதில் எழுதி, வீடு திரும்பும்போது தரும் சுருக்கத்தையும் அதனுடன் வைக்கவேண்டும். இடமாற்ற ஆணை வந்தால், பால்காரருக்கும் பள்ளிக்கும் சொல்வதுபோல் மருத்துவமனைக்கும் புது முகவரியைச் சொல்லவேண்டும்.

மூன்று: மறுசோதனைக்குச் செல்லுங்கள், உண்மையைச் சொல்லுங்கள். “டாக்டர் மனம் வருந்துவாரே” என்று வலியை மறைத்து, “நன்றாக இருக்கிறேன், ஐயா” என்று கூறி வருவது பண்பன்று. வேலூரில் கை நிமிர்ந்தும் வாழ்வு நிமிராதவர் வந்து வாய் திறந்ததால் அன்றோ புதுவாழ்வு இல்லம் எழுந்தது!

அன்பர்களே! நம் தாத்தாவுக்கு நடந்த அறுவையின் கணக்கு, நாளை முன்பின் அறியாத ஒரு குழந்தைக்கு வழிகாட்டும். தண்ணீர்ப்பந்தல் வைப்பவர், குடிப்பவர் யாரென்று கேட்பதில்லை. மறுசோதனைக்காகச் செலவிடும் அந்த ஒரு பகலும் அத்தகைய அறமேயாகும்.