அடுப்புக் கணக்கு நம்ம கையில் இருக்கட்டும்

(தோட்டக் கமிட்டித் தலைவர், தலைவிமார் கூட்டத்தில் ஆற்றிய உரை)



2012 குடிசனக் கணக்கெடுப்பில் இந்த நாட்டில் நூற்றுக்கு 4.1 பேர் நாம். 2024 இல் 2.8 பேர்தான். எட்டு இலட்சத்துக்கு மேல் இருந்தவர்கள் ஆறு இலட்சமாகிவிட்டோம். மிச்சப் பேர் எங்கே? எல்லோரும் போய்விடவில்லை. நம்மில் பலர் ‘இலங்கைத் தமிழர்’ என்று பதிந்திருக்கிறார்கள். எப்படிப் பதிவது என்பது அவரவர் உரிமை. ஆனால் கேள்வியை விளங்கிக்கொண்டு பதில் சொல்ல வேண்டும்.

வீட்டைப் பற்றியும் கேட்கிறார்கள். லயன் அறையா, தனி வீடா? குடிதண்ணீர் எங்கிருந்து? மலசலகூடம் சொந்தமா, பொதுவா? சேர்ந்து சமைத்துச் சாப்பிடுகிறவர்கள்தான் அவர்கள் கணக்கில் ஒரு குடித்தனம். ஒரே காம்பராவில் அப்பா அம்மாவுக்கு ஒரு அடுப்பு, கலியாணம் கட்டிய மகனுக்கு ஒரு அடுப்பு என்றால் அது இரண்டு குடித்தனம். “எல்லாம் ஒரே குடும்பம்தான் சேர்” என்று சொல்லிவிட்டால் ஒன்றாகத்தான் எழுதுவார்கள். எத்தனை வீடு போதாது என்று பார்க்கும்போது மகனுக்கு வேண்டிய வீடு கணக்கிலேயே வராது.

கிராம உத்தியோகத்தர் பிரிவின் மொத்தக் கணக்கை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. ஒரே பிரிவில் பஜாரும் லயமும் இருந்தால், பஜார் வீடுகளின் குழாய்த் தண்ணீர் நம்ம குறையை மூடிவிடும். ‘தோட்டத் துறை’ கணக்கைத் தனியாகக் கேளுங்கள். அதிலும் 20 ஏக்கருக்குக் குறைந்த காணிகள் சேராது. அங்கே இருக்கும் நம்மவர்கள் கிராமக் கணக்கில் போய்விடுவார்கள்.

கடைசி இரண்டு கணக்கெடுப்புக்கும் இடையில் 12 வருசம். ஒழுகும் கூரை அதுவரை காத்திருக்குமா? ஆகவே வருசா வருசம் பொங்கல் முடிந்ததும் லயத்துக்கு ஒரு கொப்பி போடுவோம். காம்பரா எத்தனை, அடுப்பு எத்தனை, ஆள் எத்தனை, ஒழுகும் கூரை எத்தனை, ஒரு மலசலகூடத்துக்கு எத்தனை குடித்தனம்? ஐந்தே கேள்வி. பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். ஓ.எல். படிக்கும் நம்ம பிள்ளைகள் கூட்டிக் கொடுப்பார்கள்.

பிரதேச செயலகத்தில் போய் “கஷ்டமாக இருக்கிறது ஐயா” என்றால் அனுதாபம் கிடைக்கும். “இந்த லயத்தில் காம்பரா இத்தனை, அடுப்பு இத்தனை” என்று கொப்பியை வைத்தால் பதில் சொல்லியாக வேண்டும்.

அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் ஒரு லயத்தின் கொப்பியோடு வாருங்கள். நாங்களும் எங்கள் லயத்துக் கொப்பியைக் கொண்டு வருகிறோம்.